சக்கரம் தொடும் இடம்: ரயில் பற்றி எப்போதும் எழும் கேள்விகள்

ரயில் வண்டியைப் பற்றி மக்கள் கேட்கும் கேள்விகள் தலைமுறைகள் கடந்தும் பெரிதாக மாறவில்லை. ஸ்டியரிங் இல்லாத வண்டி வளைவில் எப்படித் திரும்புகிறது, தண்டவாளத்தைச் சுற்றி ஏன் ஜல்லி கொட்டியிருக்கிறது, சங்கிலியை இழுத்தால் அத்தனை பெரிய வண்டி எப்படி நிற்கிறது, கடைசிப் பெட்டியின் முதுகில் ஏன் பெருக்கல் குறி போட்டிருக்கிறது என்று அவை நீளும். இவற்றில் பெரும்பாலான கேள்விகளுக்கு விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தைத் தொடும் இடம் அது.

அந்த இடத்தின் பரப்பு ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறியது. சுமார் ஒரு சதுர சென்டிமீட்டர். பயணிகள் நிறைந்த ஒரு ஸ்லீப்பர் பெட்டி ஏறக்குறைய 45 டன் எடையுள்ளது. எட்டுச் சக்கரங்கள் அதைப் பகிர்ந்துகொண்டாலும், ஒவ்வொரு சக்கரமும் அந்தச் சிறு பரப்பில் ஐந்தாறு டன்னை இறக்குகிறது. இரண்டு உலோகங்களும் கடினமானவை, அழுந்திக் குழிவதில்லை. ரப்பர் டயர் சாலையில் அமுங்கி எழுவதில் வீணாகும் ஆற்றல் இங்கே வீணாவதில்லை. உருண்டு செல்லத் தடை மிகக் குறைவு என்பதால்தான், 123 டன் எடையுள்ள ஒரு வேப்-7 எஞ்சின் ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட எக்ஸ்பிரஸ் வண்டியை இழுத்து ஓடுகிறது. நிலக்கரி ஏற்றிய 58 வேகன்கள் கொண்ட சரக்கு வண்டியின் மொத்த எடை ஐயாயிரம் டன்னைத் தாண்டும்.

இதே வழுவழுப்பு ரயிலுக்குப் பலவீனமும் ஆகிறது. உருள்வதற்கு எளிதான பரப்பில் பிடிமானம் குறைவு. சாலையில் ஏறும் பேருந்துக்குப் பொருட்டாகவே தோன்றாத சரிவு ரயிலுக்குப் பெரிய ஏற்றம். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் உயர்ந்தாலே அதைக் கடுமையான ஏற்றம் என்று ரயில்வே கணக்கில் வைக்கிறது. மும்பையிலிருந்து புனேக்கு ஏறும் போர் காட் பகுதியில் 37 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம். அங்கே வண்டியின் பின்னாலும் எஞ்சின்களைச் சேர்த்துத் தள்ளித்தான் மேலேற்றுகிறார்கள். மழையிலும் பனியிலும் தண்டவாளம் ஈரமானால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். அதற்கான மருந்து இன்றும் மணல்தான். எஞ்சினில் உலர்ந்த மணல் நிரப்பிய பெட்டிகள் உண்டு. ஓட்டுநர் விசையை அழுத்தினால் காற்றழுத்தம் அந்த மணலைக் குழாய் வழியாகச் சக்கரத்துக்கு முன்னால் தண்டவாளத்தின் மேல் தூவும். கணினி கட்டுப்படுத்தும் எஞ்சின்களிலும் இந்த மணல் பெட்டிகள் இருக்கின்றன.

மணலாலும் முடியாத ஏற்றம் நீலகிரியில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலத்துக்குச் செல்லும் 46 கிலோமீட்டர் பாதையில், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே சில இடங்களில் 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற அளவில் ஏற்றம் வருகிறது. அங்கே இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வெட்டிய இரும்புச் சட்டங்கள் இரண்டு பதிக்கப்பட்டுள்ளன. எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரம் அவற்றைக் கவ்வி ஏறுகிறது. ஒரு சட்டத்தின் பல் மற்றதன் பள்ளத்துக்கு நேராக வருமாறு மாற்றி அமைத்திருப்பதால், எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல்லின் பிடி இருந்துகொண்டே இருக்கும். ஏறும்போது எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளை மேலே தள்ளுகிறது. இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் தனியே உருண்டு இறங்கிவிடக் கூடாது என்பதே காரணம். குன்னூர் வரை 1899-லும் உதகை வரை 1908-லும் திறக்கப்பட்ட இந்தப் பாதை 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

இனி, திரும்புவது எப்படி என்ற கேள்வி. சக்கரத்தின் உள்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் விளிம்புதான் வண்டியைத் தடத்தில் பிடித்து வைக்கிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். விளிம்பு கடைசிக் காவல் மட்டுமே. அன்றாட வேலையைச் செய்வது சக்கரத்தின் சாய்ந்த முகம். ரயில் சக்கரம் நேரான உருளை அல்ல. உள்பக்கம் சற்றுப் பெரிதாகவும் வெளிப்பக்கம் சற்றுச் சிறிதாகவும் கூம்பு போலக் கடையப்பட்டிருக்கும். இருபதுக்கு ஒன்று என்பது வழக்கமான சாய்வு. இரண்டு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுக்கி அழுத்தப்பட்டிருப்பதால், காரில் போல ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுழல முடியாது. ஆனால் வளைவில் வெளித் தண்டவாளம் உள் தண்டவாளத்தைவிட நீளமானது. அகலப்பாதையில் வண்டி முழுச் செங்கோணம் திரும்பி முடிப்பதற்குள் வெளிச் சக்கரம் இரண்டரை மீட்டருக்கும் அதிகமாகக் கூடுதல் தூரம் ஓடியாக வேண்டும். வளைவில் நுழையும்போது அச்சு தானாகவே வெளிப்பக்கம் சிறிது நகர்கிறது. அப்போது வெளிச் சக்கரம் தன் பெரிய விட்டத்திலும் உள் சக்கரம் தன் சிறிய விட்டத்திலும் உருள்கின்றன. ஒரே சுற்றில் ஒன்று அதிக தூரமும் மற்றது குறைந்த தூரமும் கடந்துவிடுகின்றன. மனிதர் கைபடாமல், எந்த இயந்திரமும் இல்லாமல், கடைந்தெடுத்த வடிவம் ஒன்றே செய்யும் வேலை இது. ரயில் பொறியியலில் இதைவிட அழகான தீர்வு வேறொன்று இருப்பதாகச் சொல்ல முடியாது.

வளைவு மிக இறுக்கமாக இருந்தால் இந்த நகர்வு போதாது. அப்போதுதான் விளிம்பு தண்டவாளத்தை உரசி, காதைக் கூசவைக்கும் கிறீச்சொலி எழுகிறது. நேர்ப்பாதையில் வேகம் கூடினாலும் கூம்பு வடிவத்துக்கு ஒரு தொல்லை உண்டு. அச்சு இடமும் வலமும் மாறி மாறி நெளியத் தொடங்கும். அதை அடக்கப் புதிய பெட்டிகளின் அடிச்சட்டத்தில் அதிர்வு தாங்கிகளைப் பக்கவாட்டில் பொருத்துகிறார்கள். வளைவில் வெளித் தண்டவாளத்தை உள்ளதைவிட உயர்த்திப் பதிப்பதும் உண்டு. இந்தியாவின் அகலப்பாதையில் இந்த உயர்வு 165 மில்லிமீட்டர் வரை போகலாம். வளைவில் சிவப்பு சிக்னலுக்காக நின்றுவிட்ட வண்டி ஒரு பக்கம் சாய்ந்தாற்போல் இருப்பது இதனால்தான். ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதும் ஓட்டுநர் கையில் இல்லை. நிலையத்திலிருந்து இயக்கப்படும் பாயிண்ட் மோட்டார், கூராகச் சீவிய தண்டவாள நாக்குகளை நகர்த்தி வழியை மாற்றுகிறது. ஓட்டுநர் வேகத்தை ஆள்கிறார். திசையைத் தடமே தீர்மானிக்கிறது.

இரண்டு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் நாட்டுக்கு நாடு ஏன் வேறுபடுகிறது என்ற கேள்விக்கு விடை இயற்பியலில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது. உலகின் பெரும்பகுதி 1435 மில்லிமீட்டரைப் பின்பற்றுகிறது. கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி பிரபு காலத்தில் இந்தியாவுக்கு 1676 மில்லிமீட்டர் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1853 ஏப்ரல் 16-ல் பம்பாயிலிருந்து தானேவுக்கு ஓடிய வண்டியும், 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து ஆற்காடு நோக்கிப் புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் வண்டியும் இந்த அகலத்தில் ஓடியவைதான். இலங்கையின் ரயில் பாதையும் இதே அகலம் கொண்டது. பின்னர் செலவைக் குறைக்க வைஸ்ராய் மேயோ பிரபு காலத்தில் ஒரு மீட்டர் பாதை புகுந்தது. தமிழ்நாட்டின் தெற்கு மாவட்டங்கள் நூறாண்டுக்கு மேல் மீட்டர் பாதையை நம்பியிருந்தன. சென்னை சென்ட்ரலில் அகலப்பாதை வண்டிகளும் எழும்பூரில் மீட்டர் பாதை வண்டிகளும் நின்ற காலம் அது. இரண்டு அகலங்கள் சந்திக்கும் சந்திப்புகளில் ஒவ்வொரு மூட்டையையும் ஒரு வேகனிலிருந்து இறக்கி மற்றொன்றில் ஏற்ற வேண்டியிருந்தது. மிச்சம் பிடித்த பணத்தைவிட இந்த ஏற்றி இறக்கலில் நாடு இழந்தது அதிகம் என்றே கருத வேண்டியிருக்கிறது. 1992-ல் தொடங்கிய ஒரே அகலத் திட்டம்தான் இந்தப் பிளவைப் படிப்படியாக முடித்துவைத்தது.

தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி இருப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. சக்கரத்தின் சுமை தண்டவாளத்துக்கும், அங்கிருந்து கான்கிரீட் ஸ்லீப்பர் கட்டைக்கும், அங்கிருந்து ஜல்லிக்கும் இறங்கி, போகப்போகப் பரந்து, மண்ணுக்கு வரும்போது மண் தாங்கும் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. மழைநீர் தேங்காமல் வடியவும், களை முளைக்காமல் இருக்கவும், தடம் அமிழ்ந்த இடத்தில் மீண்டும் கிட்டித்து உயர்த்தவும் ஜல்லி உதவுகிறது. கல் உடைத்ததாக, கூர்முனைகளுடன் இருக்க வேண்டும். ஆற்றுக் கூழாங்கல் உருண்டு விலகிவிடும். இருபது முதல் 65 மில்லிமீட்டர் வரையான கற்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு கட்டையை அசையவிடாமல் பிடிக்கின்றன.

அசையாமல் பிடிப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பது வெயிலை நினைத்தால் புரியும். எஃகு சூட்டில் நீள்கிறது. வெப்பம் 40 டிகிரி உயர்ந்தால் 13 மீட்டர் தண்டவாளம் ஆறு மில்லிமீட்டர் நீளும்; கட்டுப்பாடின்றி விட்டால் ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் 45 சென்டிமீட்டருக்கு மேல் நீளும். பழைய பாதைகளில் இந்த நீட்சிக்கு இடம்விட்டு ஒவ்வொரு மூட்டிலும் சிறு இடைவெளி வைத்தார்கள். ரயில் பயணத்தோடு பிரிக்க முடியாததாக இருந்த தடக் தடக் ஓசை அந்த இடைவெளிகளில் சக்கரம் விழுந்தெழும் ஓசைதான். இன்று தண்டவாளங்களைப் பற்றவைத்துக் கிலோமீட்டர் கணக்கில் ஒரே நீளமாக்கிவிட்டதால் அந்த ஓசை பெரும்பாலும் மறைந்துவிட்டது. நீள விரும்பும் எஃகு எங்கே போகிறது என்று கேட்கலாம். எங்கும் போக விடாமல் கிளிப்புகளும் கட்டைகளும் ஜல்லியும் சேர்ந்து அடக்கி வைத்திருக்கின்றன. நீட்சிக்குப் பதிலாக அது தண்டவாளத்துக்குள் அழுத்தமாகத் தேங்கி நிற்கிறது. ஜல்லி குறைந்த இடத்தில் கோடை மதியத்தில் தடம் பக்கவாட்டில் பாம்பு போல வளைந்துவிடக்கூடும். குளிர்ந்த விடியலில் இழுவிசை மிகுந்து தண்டவாளம் விரிசல் காணக்கூடும்.

ஆகவேதான் தடத்தைக் கவனிக்கும் ஊழியரான கீமேன் தினமும் தன் பகுதியை நடந்தே பார்க்கிறார். தோளில் சுத்தியலும் ஸ்பேனரும் கொடியும் சுமந்து, ஒரு தண்டவாளத்தின் ஓரமாகப் போய் மற்றதன் ஓரமாகத் திரும்புகிறார். தளர்ந்த கிளிப்பைத் தட்டி இறுக்குகிறார்; பற்றவைத்த மூட்டுகளைக் குனிந்து பார்க்கிறார். கடும் வெயிலில் தடம் வளைகிறதா என்று பார்க்கத் தனி ரோந்தும் உண்டு. பயணிகளின் கண்ணில் இவர்கள் சன்னலுக்கு வெளியே ஒரு நொடியில் மறையும் உருவங்கள். 110 கிலோமீட்டர் வேகத்தில் ஆயிரம் பேர் உறங்கிக்கொண்டு போவது இந்த நடையை நம்பித்தான். ரயில்வேயின் பெருமைகளைப் பட்டியலிடுகிறவர்கள் முதலில் எழுத வேண்டியது இவர்களின் வேலையை.

எஞ்சினுக்கு மின்சாரம் வரும் வழியும் சக்கரத்தோடு தொடர்புடையதே. மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் வருகிறது. எஞ்சினின் கூரையிலுள்ள பான்டோகிராஃப் அதை எடுத்துக்கொடுக்க, மோட்டார்களில் வேலை முடித்த மின்னோட்டம் சக்கரம் வழியாகத் தண்டவாளத்தில் இறங்கித் துணைமின் நிலையத்துக்குத் திரும்புகிறது. கம்பி நேராக ஓடுவதில்லை. ஒவ்வொரு கம்பத்திலும் இடம் வலமாக மாறி மாறி இழுக்கப்பட்டிருக்கும். நேராக இருந்தால் பான்டோகிராஃபின் மேலுள்ள கரிப்பட்டையில் ஒரே இடம் தேய்ந்து பள்ளமாகும். இந்தக் கம்பியைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. போதிய அளவு நெருங்கினாலே மின்சாரம் காற்றைத் தாண்டிப் பாயும். நின்றிருக்கும் பெட்டிகளின் கூரையில் ஏறிய இளைஞர்கள் பலர் இப்படித்தான் உயிரிழந்திருக்கிறார்கள். கூரையில் ஏறுவது எந்த நிலையிலும் மரணத்தோடு விளையாடுவது. இந்தியாவில் மின்ரயில் 1925 பிப்ரவரி 3-ல் பம்பாயில் ஓடத் தொடங்கியது; சென்னைக் கடற்கரை முதல் தாம்பரம் வரை 1931-ல் வந்தது. டீசல் எஞ்சினும் உண்மையில் மின்சாரத்தால் ஓடுவதுதான். டீசல் இயந்திரம் ஜெனரேட்டரைச் சுழற்ற, அதன் மின்சாரம் அச்சுகளிலுள்ள மோட்டார்களை இயக்குகிறது. எஞ்சினின் பெயரில் முதல் எழுத்து பாதையின் அகலத்தையும், அடுத்தது ஆற்றலின் வகையையும், மூன்றாவது பயணிகளுக்கா சரக்குக்கா என்பதையும் குறிக்கும்.

பெட்டிகளுக்கு வருவோம். சென்னைப் பெரம்பூரில் 1955 அக்டோபர் 2-ல் நேரு திறந்துவைத்த ஐ.சி.எஃப். தொழிற்சாலை, சுவிட்சர்லாந்து வடிவமைப்பைக் கொண்டு பெட்டிகள் செய்யத் தொடங்கியது. அறுபதாண்டுக் காலம் நாடு முழுவதும் ஓடிய நீல, பழுப்புச் சிவப்புப் பெட்டிகள் அந்த வகைதான். 2018-ல் அவற்றின் தயாரிப்பு நின்றது. அவற்றின் இடத்தை ஜெர்மானிய வடிவமைப்பிலான எல்.எச்.பி. பெட்டிகள் பிடித்தன. பயணிக்குத் தெரியும் வேறுபாடு படுக்கைகளின் எண்ணிக்கை: பழைய ஸ்லீப்பர் பெட்டியில் 72, புதியதில் 80. அதைவிட முக்கியமான வேறுபாடு இரண்டு பெட்டிகள் இணையும் இடத்தில் இருக்கிறது. பழைய வகையில் திருகு இணைப்பும் இருபுறமும் வட்டத் தட்டுகளும் இருந்தன. மோதல் நேர்ந்தால் ஒரு பெட்டி மற்றதன் மேல் ஏறிப் பிளக்கும் கொடுமை இந்த அமைப்பில் பலமுறை நடந்தது. புதிய வகையில் நடுவிலுள்ள இணைப்பி இரண்டு கைகள் கோத்தது போலப் பூட்டிக்கொள்கிறது. பெட்டிகள் தடம்புரண்டாலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது பெருமளவு தடுக்கப்படுகிறது. புறப்படும்போது எல்.எச்.பி. வண்டியில் வெடுக்கென்று ஒரு குலுக்கல் வருவதாகப் பயணிகள் குறை சொல்வதுண்டு. இணைப்பியிலுள்ள சிறு தளர்வுதான் காரணம். பாதுகாப்போடு ஒப்பிட்டால் அது பொறுக்கக்கூடிய குறை.

பழைய பெட்டியில் வண்டி நின்றால் விளக்கு மங்குவதும் மின்விசிறி தளர்வதும் பலர் கவனித்ததே. அச்சோடு பெல்ட்டால் இணைந்த ஆல்டர்னேட்டர் ஓடும்போது மட்டும் மின்சாரம் தரும். நின்றால் பேட்டரியைத்தான் நம்ப வேண்டும். எல்.எச்.பி. வண்டிகளில் இரு முனைகளிலும் ஜெனரேட்டர் பெட்டிகள் வைத்தார்கள்; இப்போது எஞ்சினே மேல்கம்பியிலிருந்து எடுத்த மின்சாரத்தைப் பெட்டிகளுக்கும் அனுப்புகிறது. 2019 பிப்ரவரியில் ஓடத் தொடங்கிய வந்தே பாரத் வண்டியில் தனி எஞ்சினே இல்லை. பெட்டிகளில் பாதிக்கு அடியில் மோட்டார்கள் உள்ளன. பிடிமானம் பல சக்கரங்களுக்குப் பகிரப்படுவதால் அது சட்டென்று வேகம் எடுக்கிறது.

படுக்கை எண்ணைக் கொண்டு இடத்தைக் கண்டுபிடிப்பது எளிது. ஸ்லீப்பர் பெட்டியில் எண்ணை எட்டால் வகுத்தால் மீதி 1 அல்லது 4 வந்தால் கீழ், 2 அல்லது 5 நடு, 3 அல்லது 6 மேல், 7 பக்கவாட்டுக் கீழ், மீதி இல்லையென்றால் பக்கவாட்டு மேல். 43-ஆம் எண் மேல் படுக்கை. நடுப்படுக்கையை இரவு 10 முதல் காலை 6 மணி வரை மட்டுமே விரிக்கலாம். கழிவறைக் கழிவு தண்டவாளத்தில் விழுந்த காலம் போய்விட்டது. அடியிலுள்ள தொட்டியில் டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கின்றன. தண்டவாளம் அரிப்பதும், தடத்தில் வேலை செய்வோர் பட்ட இழிவும் இதனால் குறைந்தன. பயணிகள் உள்ளே போடும் பிளாஸ்டிக் பாட்டிலும் பான்பராக் உறையும் இந்த ஏற்பாட்டை அடைத்துப் பாழாக்குகின்றன.

மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி நிறுத்துவது பற்றியது. எஞ்சின் முதல் கடைசிப் பெட்டி வரை ஒரு காற்றுக்குழாய் ஓடுகிறது. அதில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் இருக்கும்வரை பிரேக்குகள் விலகி நிற்கும். அழுத்தம் குறைந்தால் பிடித்துக்கொள்ளும். அமெரிக்கப் பொறியாளர் வெஸ்டிங்ஹவுஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வகுத்த இந்தத் தத்துவத்தின் சிறப்பு, கோளாறு நேரும்போது வண்டி நிற்கும் பக்கமே சாய்வது. பெட்டிகள் பிரிந்தால் குழாய் அறுந்து இரண்டு பாதிகளும் தாமாக நிற்கும். அபாயச் சங்கிலியும் இதையே செய்கிறது: பெட்டியின் முனையிலுள்ள வால்வு திறந்து காற்று சீறி வெளியேறும், வெளியே ஒரு விளக்கு எரிந்து எந்தப் பெட்டி என்று காட்டும், ஊழியர் ஒருவர் இறங்கிவந்து அந்த வால்வைக் கையால் பழைய நிலைக்குத் திருப்பிய பிறகே குழாயில் அழுத்தம் ஏறும். தக்க காரணமின்றி இழுத்தால் 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 141-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ 1000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

பிரேக் பிடித்ததும் வண்டி நிற்பதில்லை. வேகமாக வரும் எக்ஸ்பிரஸ் நிற்க ஒரு கிலோமீட்டர் வரை ஆகலாம். சக்கரத்தை இறுக்கிப் பூட்டினால் அது சறுக்கும். சறுக்கிய இடம் தட்டையாகத் தேய்ந்து, பிறகு ஒவ்வொரு சுற்றிலும் தண்டவாளத்தை அறையும். பெரிய நிலையங்களில் வண்டி நுழையும்போது பெட்டிப் பராமரிப்பு ஊழியர்கள் பிளாட்பாரத்தின் முனையில் தடத்தின் இருபுறமும் உட்கார்ந்து, கடந்துபோகும் ஒவ்வொரு சக்கரத்தையும் பார்ப்பதும் கேட்பதும் இந்த அறையும் ஓசைக்காகவும், தொங்கும் உதிரிக்காகவும், சூடேறிய அச்சுப்பெட்டிக்காகவும்தான். கண்ணால் பார்த்துவிட்டு நிறுத்த முடியாத வண்டிக்குத் தொலைவிலேயே செய்தி சொல்ல வேண்டும். ஆகவே நிறுத்து சிக்னலுக்குக் குறைந்தது ஒரு கிலோமீட்டர் முன்னால் எச்சரிக்கை சிக்னல் நிற்கிறது. லெவல் கிராசிங் கேட்டை மூடிப் பூட்டினால்தான் பச்சை விழும் என்ற ஏற்பாடும் அதனால்தான். அகலப்பாதையில் ஆளில்லா லெவல் கிராசிங்குகள் 2019 ஜனவரியோடு ஒழிக்கப்பட்டன. மூடிய கேட்டின் அடியில் குனிந்து கடப்பவர், ஓட்டுநர் தம்மைப் பார்த்துவிடுவார் என்று நம்புகிறார். பார்த்தாலும் அவரால் நிறுத்த முடியாது.

ஒரு பகுதியில் ஒரு வண்டி இருக்கும்போது இன்னொன்று நுழையக் கூடாது என்பது ரயில் இயக்கத்தின் அடிப்படை விதி. ஒற்றைப் பாதைகளில் ஸ்டேஷன் மாஸ்டர் பிரம்பு வளையத்தில் கோத்த டோக்கனை ஓட்டுநருக்குக் கொடுத்த காலம் உண்டு. டோக்கன் கையில் இல்லாமல் அந்தப் பகுதிக்குள் போக முடியாது. வந்த வண்டி முழுமையாக வெளியேறியதா, நடுவில் ஏதாவது பெட்டி அறுந்து தங்கிவிட்டதா என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் கடைசிப் பெட்டியில் பெருக்கல் குறியும், கடைசி வண்டி என்று பொருள்படும் எல்.வி. என்ற பலகையும், இரவில் மின்னும் சிவப்பு விளக்கும். அவற்றைக் காணாவிட்டால் ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த வண்டிக்கு வழிவிட மாட்டார். இப்போது பல பாதைகளில் அச்செண்ணும் கருவி இந்த வேலையைச் செய்கிறது. பகுதிக்குள் நுழைந்த அச்சுகளையும் வெளியேறிய அச்சுகளையும் தனித்தனியே எண்ணி, இரண்டும் ஒத்தால்தான் தடம் காலி என்று காட்டுகிறது. சிவப்பைத் தாண்டினால் தானாகவே பிரேக் பிடிக்கும் கவச் அமைப்பும் படிப்படியாகப் பாதைகளில் பொருத்தப்பட்டு வருகிறது. கருவிகள் உள்ள பாதையிலும் கடைசிப் பெட்டியில் பலகை தொங்கியாக வேண்டும். கருவி பழுதானால் நிலையத்துக்கு மிஞ்சும் சான்று அது ஒன்றே.